ஆங்கிலத்தில் 'டெஃப்' என்று எழுதுவது மரியாதைக் குறைவா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். உங்கள் டீமில் காது கேளாத ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பதிலே போடாத ஒரு வெண்டரைப் பற்றி மெயில் எழுதும்போது, நம் கோரிக்கைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதற்கு 'ஃபால் ஆன் டெஃப் இயர்ஸ்' (கேளாத காதுகளில் விழுவது) என்ற தொடரைப் போட்டிருக்கிறீர்கள். அவரும் அந்த மெயிலில் சிசியில் இருந்தார். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, இனி இப்படி எழுத வேண்டாம் என்றார். கையோடு, எச்ஆருக்கு அவரைப் பற்றி எழுதும்போது 'டெஃப்' என்று போடாதீர்கள், 'ஹியரிங் இம்பேர்ட்' என்பதுதான் மரியாதை என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ஆங்கிலத்தில் 'டெஃப்' கெட்ட வார்த்தையா? இல்லை. மேனேஜர் சொன்னதில் முதல் பாதி நியாயம், இரண்டாம் பாதி தலைகீழ். ஏன் என்று சொல்வதற்குத்தான் கொஞ்சம் நீளம் தேவைப்படுகிறது.

நான் சென்னையில் உட்கார்ந்து பிரிட்டிஷ், அமெரிக்கப் பதிப்பகங்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்கிறவன். பல வருடங்களாகக் கல்வி, மொழியியல், மருத்துவம் ஆகிய துறைகளின் புத்தகங்கள் கைக்கு வருகின்றன; காது கேளாமை பற்றியவையும் அவற்றில் உண்டு. எந்தச் சொல் எப்படி வந்தது, ஸ்டைல் கைடுகள் (எழுத்து நடைக்கான விதிநூல்கள்) எதை ஏற்கின்றன என்பதையெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியும். எது யாரை எவ்வளவு புண்படுத்தும் என்பது அப்படியல்ல. எனக்குக் காது கேட்கும். அந்த விஷயத்தில் காது கேளாதவர்கள் எழுதியதைப் படித்தவன் என்ற அளவில்தான் பேசுகிறேன். அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாத இடங்களும் உண்டு, அங்கங்கே சொல்கிறேன்.

முதலில், இந்தக் குழப்பம் நமக்கு ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம். தமிழில் 'செவிடு', 'செவிடன்' என்பவை வசைச்சொற்களாகவே ஆகிவிட்டன. ஒருவரை மதித்துப் பேசுகிறவர்கள் 'காது கேளாதவர்' என்பார்கள். அரசுத் தாளில் 'செவித்திறன் குறையுடையோர்' என்று இருக்கும். நேரடிச் சொல் மட்டம், சுற்றி வளைத்த சொல் மரியாதை என்ற பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். அதனால் 'டெஃப்' என்பது செவிடு போலவும், 'ஹியரிங் இம்பேர்ட்' என்பது செவித்திறன் குறையுடையோர் போலவும் நமக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. அங்கே காது கேளாதவர்கள், குறிப்பாகச் சைகை மொழியில் வளர்ந்தவர்கள், நேரடிச் சொல்லைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். வளைத்துச் சொல்வதைத்தான் வேண்டாம் என்றார்கள்.

'இம்பேர்ட்' என்றால் பழுதுபட்டது, குறைபட்டது என்று அர்த்தம். பிறவியிலேயே காது கேளாத, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் போய் 'உங்களிடம் ஒன்று பழுதாகியிருக்கிறது' என்றால், எது என்று கேட்பார். 'ஹியரிங் லாஸ்' என்பதிலும் அதே சிக்கல். ஒருபோதும் இல்லாததை எப்படி இழப்பது? உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1991-இலேயே 'டெஃப்', 'ஹார்ட் ஆஃப் ஹியரிங்' (கொஞ்சம் கேட்கிறவர்) ஆகிய இரண்டு சொற்களே தங்களுக்கு ஏற்றவை என்று முடிவு செய்தது. 'ஹியரிங் இம்பேர்ட்' அதில் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஸ்டைல் கைடும் இதே வழியில்தான் போகிறது. உடல் குறைபாடு பற்றி எழுதும்போது 'இன்ன குறைபாடு உள்ள நபர்' என்று ஆளை முன்னால் வைத்து எழுதச் சொல்வது ஆங்கிலத்தில் பொதுவான அறிவுரை. இங்கே அதற்கு விலக்கு: 'பர்சன் வித் டெஃப்னஸ்' என்று எழுதினால் நான் வெட்டிவிட்டு 'டெஃப் பர்சன்' என்று போடுவேன். 'த டெஃப்' என்று மொத்தமாகக் கூட்டிச் சொல்வதை மட்டும் 'டெஃப் பீப்பிள்' என்று மாற்றுவோம்.

சரி, ஒருவர்கூட 'ஹியரிங் இம்பேர்ட்' என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில்லையா என்றால், சொல்கிறார்கள். அறுபது வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பது குறைந்து, ஹியரிங் எய்ட் போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு அந்தச் சொல் உறுத்துவதில்லை. அவர்களுக்கு அது உண்மையிலேயே இழப்பு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன. பிரிட்டனில் ஆர்என்ஐடி என்று ஒரு பெரிய தொண்டு அமைப்பு. 1911-இல் தொடங்கியது; அதன் பெயரில் வெகுகாலம் 'டெஃப்' இருந்தது, சுருக்கத்தின் கடைசி 'டி' அதுதான். 2011-இல் 'ஆக்‌ஷன் ஆன் ஹியரிங் லாஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். 2020-இல் மறுபடியும் பழைய ஆர்என்ஐடி பெயருக்கே திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் 'லாஸ்' என்று புலம்புகிற இடத்தில் 'டெஃப் கெயின்' என்று ஒரு சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது: காது கேளாமையால் உலகத்துக்கு ஒரு மொழியும் ஒரு பார்வையும் கிடைத்திருக்கிறதே, அது லாபக் கணக்கில் வராதா என்பது வாதம். கொஞ்சம் மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குப் பிடித்த சொல் அது.

அடுத்து, எடிட்டர்களைத் தூங்கவிடாத விஷயம்: பெரிய 'டி'யா, சின்ன 'டி'யா? தமிழ் எழுத்தில் இதைக் காட்ட முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பெரியதாகப் போட்டால் சைகை மொழிச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்றும், சின்னதாகப் போட்டால் வெறும் காது கேளாத நிலை என்றும் பொருள். 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற மொழியியலாளர் அமெரிக்கச் சைகை மொழி முழுமையான ஒரு மொழி என்று காட்டினார். அதன்பின் 1972-இல் ஜேம்ஸ் வுட்வர்ட் இந்த எழுத்து வித்தியாசத்தை முன்வைத்தார். ஒருமுறை வந்த பிரதியில் பக்கம் பக்கமாகப் பெரிய எழுத்து. நடுவில், பிறந்த குழந்தைகளுக்குச் செவிப் பரிசோதனை செய்த அட்டவணையில் மட்டும் சின்ன எழுத்து. புதிதாகச் சேர்ந்த பையன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கட்டுமா என்று கேட்டான். தொடாதே என்றேன். பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு இன்னும் எந்தச் சமூகமும் இல்லை, எந்த மொழியும் இல்லை. ஆசிரியர் யோசித்துத்தான் செய்திருந்தார். சிலர் இரண்டையும் சேர்த்து நடுவில் சாய்கோடு போட்டு எழுதுகிறார்கள். இப்படி யாரை எந்தப் பெட்டியில் போடுவது என்று எழுதுகிறவர் எப்படி முடிவு செய்யலாம் என்று கேட்டு, இந்தப் பிரிவினையே வேண்டாம் என்கிற காது கேளாதவர்களும் உண்டு. அலுவலக மெயிலுக்குச் சின்ன எழுத்து போதும். அவரே தன் கையெழுத்துப் பகுதியிலோ அறிமுகத்திலோ பெரியதாகப் போட்டுக்கொண்டால் நீங்களும் அப்படியே போடுங்கள்.

'ஹார்ட் ஆஃப் ஹியரிங்' என்பது கொஞ்சம் கேட்கிறவர்களுக்கு. நம் ஊர்ப் பிரதிகளில் இது 'ஹார்ட் அட் ஹியரிங்' என்றும் வெறும் 'ஹார்ட் ஹியரிங்' என்றும் வரும், இரண்டும் தவறு. இந்தத் தொடரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கரோல் பேடன், டாம் ஹம்ஃப்ரீஸ் என்ற காது கேளாத அறிஞர்கள் இருவர் 1988-இல் எழுதியது. அமெரிக்கச் சைகை மொழியில் ஒருவரைக் 'கொஞ்சம் ஹார்ட் ஆஃப் ஹியரிங்' என்றால், அவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. 'ரொம்ப ஹார்ட் ஆஃப் ஹியரிங்' என்றால், அவருக்கு நன்றாகவே கேட்கும், போனில்கூடப் பேசுவார். காது கேட்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். நாம் கேட்பதை நடுவில் வைத்து, அதிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்று அளக்கிறோம். அவர்கள் கேளாமையை நடுவில் வைத்து அளக்கிறார்கள். அதே மொழியில் 'காது கேட்கிறவர்' என்பதற்கான சைகையை வாய்க்கு முன்னால் விரலைச் சுழற்றிக் காட்டுவார்கள். அதையே நெற்றிக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டினால், 'இவன் காது கேட்கிறவன் மாதிரி யோசிக்கிறான்' என்று அர்த்தம். அது பாராட்டு இல்லை.

'டெஃப் அண்ட் டம்', 'டெஃப்-மியூட்' இரண்டிலும் விவாதமே கிடையாது; எழுதக் கூடாது. 'டம்' என்பது பழைய ஆங்கிலத்தில் பேசாதவர் என்ற பொருளில்தான் இருந்தது. பின்னாளில், முக்கியமாக அமெரிக்காவில் ஜெர்மன் சொல்லின் தாக்கத்தால், முட்டாள் என்ற பொருள் அதன் மேல் ஏறிக்கொண்டது. இன்று அந்தப் பொருள்தான் முதலில் நிற்கிறது. 'மியூட்' என்பதும் உண்மைக்கு மாறானது. காது கேளாத பெரும்பாலோருக்குக் குரல்வளையில் ஒரு கோளாறும் இல்லை. பலர் பேசவும் செய்வார்கள், சைகையில் பேசுவதும் பேச்சுதான். பிரிட்டனின் காது கேளாதோர் சங்கம் 1890-இல் தொடங்கியபோது 'பிரிட்டிஷ் டெஃப் அண்ட் டம் அசோசியேஷன்' என்றுதான் பெயர் வைத்துக்கொண்டது. 1971-இல் 'டம்' என்பதைக் கழற்றிவிட்டது. இந்திய ஆங்கில நாளேடுகள் சில இன்னும் கழற்றவில்லை. குற்றச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும். வரலாற்று மேற்கோளிலோ பழைய பள்ளியின் பெயரிலோ வந்தால் அப்படியே விடுவோம், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் மெயிலுக்கு வருகிறேன். 'ஃபால் ஆன் டெஃப் இயர்ஸ்', 'டர்ன் எ டெஃப் இயர்' போன்றவற்றைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவற்றில் வருகிற ஆளுக்கு நன்றாகக் காது கேட்கும். கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார் என்பதுதான் குற்றச்சாட்டே. அதாவது ஆங்கில மரபுத்தொடரில் 'டெஃப்' என்றால் பிடிவாதம், அலட்சியம், மனசாட்சி இல்லாமை. இது ரொம்பப் பழைய பழக்கம். பைபிளில் 58-ஆம் சங்கீதம், பாம்பாட்டியின் ஊதல் கேட்காதபடி தன் காதைத் தானே அடைத்துக்கொள்ளும் பாம்பைத் தீயவர்களுக்கு உவமை சொல்கிறது. தமிழ் பைபிளில் அது 'செவிட்டு விரியன்'. கேட்காத பாம்பு இல்லை அது, கேட்க மறுக்கிற பாம்பு. கோபத்தில் ஒருவரைப் பார்த்து 'ஆர் யூ டெஃப்?' என்று கத்துவதும் இதே வகைதான். எதிரில் இருப்பவரின் காது நன்றாகவே வேலை செய்கிறது என்று கத்துகிறவருக்குத் தெரியும். இந்தத் தொடர்களைக் குறை சொல்கிறவர்களின் வாதம் இதுதான்: நாங்கள் கேட்க முடியாதவர்கள், கேட்க மறுத்தவர்கள் இல்லை; மறுப்பவர்களுக்கு ஏன் எங்கள் பெயரை வைக்கிறீர்கள்?

வெளியுறவுச் செய்திகளில் வரும் 'டயலாக் ஆஃப் த டெஃப்' இன்னும் மோசம். பிரெஞ்சிலிருந்து வந்த தொடர். இரண்டு தரப்பும் மற்றவர் சொல்வதைக் காதில் வாங்காமல் பேசுவதைக் குறிப்பது. காது கேளாதவர்கள் நாலு பேர் உட்கார்ந்து சைகையில் அரட்டை அடிப்பதைப் பார்த்திருந்தால் இப்படி ஒரு தொடர் பிறந்திருக்காது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்வையைத் திருப்பினால் பேச்சு அறுந்துவிடும். நம் மீட்டிங்குகளில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே 'ம்ம்' கொட்டுகிறோமே, அந்த வித்தை அங்கே நடக்காது.

'டோன்-டெஃப்' என்பதில்தான் எனக்கு உறுதி குறைவு. அசலில் அது சுரம் பிடிபடாதவரைச் சொல்வது. காது நன்றாகக் கேட்கிற பலர் அப்படி உண்டு. அதிலிருந்து சூழ்நிலை தெரியாமல் பேசும் அரசியல்வாதிக்கும் விளம்பரத்துக்கும் போய்விட்டது. காது கேளாதவர்களில் சிலர் இதையும் விடச் சொல்கிறார்கள். சிலர் இது எங்களைப் பற்றியதே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். நான் ஆசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதிவிட்டு அவர் முடிவுக்கு விடுவேன். 'டெஃபனிங்' என்று பெருத்த சத்தத்தைச் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. அது சத்தம் காதை என்ன செய்கிறது என்பதைப் பற்றிய சொல். ஸ்காட்லாந்துக் கட்டடங்களைப் பற்றிய ஒரு பிரதியில் தரைப் பலகைகளுக்கு அடியில் 'டெஃபனிங்' நிரப்பினார்கள் என்று இருந்தது. மேல் வீட்டுச் சத்தம் கீழே வராமல் இருக்கச் சாம்பலை இட்டு நிரப்புவதற்கு அங்கே அதுதான் பெயர். பள்ளிக் கணக்கில் படித்த 'சர்ட்' (வர்க்கமூலம் இரண்டு போன்ற எண்) கூட லத்தீனில் காது கேளாதது என்ற சொல்தான், அரபுக் கணித நூல்களிலிருந்து மொழிபெயர்ந்து வந்தது. இவற்றையெல்லாம் யாரும் மாற்றச் சொல்லவில்லை.

புண்படுத்துமா என்பதை ஒதுக்கிவிட்டு, ஒரு எடிட்டராக மட்டும் பார்த்தாலும் 'டெஃப் இயர்ஸ்' எனக்குப் பிடிக்காது. அது சோம்பேறித் தொடர். ஒரு வரலாற்றுப் புத்தகத்தில், பாசன வரியைக் குறைக்கச் சொல்லி கிராமத்தார் அனுப்பிய மனுக்கள் பல வருடம் 'டெஃப் இயர்ஸ்' மேல் விழுந்தன என்று ஒரு வரி. யாருடைய காது என்று ஓரத்தில் கேட்டிருந்தேன். ஆசிரியரிடமிருந்து ஒரு பத்தி பதில் வந்தது. மனுக்களுக்கு எண் போடப்பட்டிருக்கிறது, பெற்றுக்கொண்டதாகக் கடிதம் போயிருக்கிறது, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று ஒரு குமாஸ்தா சிவப்பு மையில் எழுதியும் இருக்கிறார். புத்தகத்தில் அந்தப் பத்தியே ஏறியது. 'டெஃப் இயர்ஸ்' இருந்தவரை அந்தக் குமாஸ்தா அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். உங்கள் வெண்டர் விஷயமும் அப்படித்தான். எத்தனை மெயில் போட்டீர்கள், எந்தத் தேதியில், யாருக்கு, பதில் வரவில்லை என்று எழுதினால் வெண்டர் தப்பிக்க முடியாது. சக ஊழியருக்கும் நெருடாது.

எச்ஆர் படிவம் என்றால் ஒரு விலக்கு. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'ஹியரிங் இம்பேர்மென்ட்' என்ற தலைப்பைத்தான் வைத்திருக்கிறது. இரண்டு காதிலும் பேச்சொலி அலைவரிசையில் 70 டெசிபல் இழப்பு இருந்தால் 'டெஃப்', 60 முதல் 70 வரை என்றால் 'ஹார்ட் ஆஃப் ஹியரிங்' என்று அதற்குள் பிரிக்கிறது. சான்றிதழ், வரிச்சலுகை, இட ஒதுக்கீடு போன்ற தாள்களில் சட்டத்தில் உள்ள சொல்லையே எழுதுங்கள். அங்கே போய் நாம் திருத்தம் செய்தால் அவருடைய வேலைதான் தாமதமாகும். மற்ற எல்லா இடத்திலும், அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படி. தெரியாவிட்டால் சாட்டில் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அன்றாட ஆங்கிலத்தில் காது கேளாதவர்கள் மிகவும் வெறுப்பதாகத் திரும்பத் திரும்ப எழுதுகிற வாக்கியத்தில் 'டெஃப்' என்ற சொல்லே கிடையாது. 'நெவர் மைண்ட்', 'ஐ வில் டெல் யூ லேட்டர்' என்பவைதான் அவை. எல்லோரும் சிரிக்கிறார்கள், என்ன விஷயம் என்று அவர் கேட்கிறார், 'ஒன்றுமில்லை விடு, அப்புறம் சொல்கிறேன்' என்கிறோம். அப்புறம் சொல்வதே இல்லை. குடும்பச் சாப்பாட்டு மேஜையில் இப்படி ஆண்டுக்கணக்காக விடுபடுவதற்கு ஆங்கிலத்தில் 'டின்னர் டேபிள் சிண்ட்ரோம்' என்று பெயரே வந்துவிட்டது. உங்கள் டீமில் 'டெஃப் இயர்ஸ்' மெயிலை அவர் மறந்துகூட இருப்பார். திங்கட்கிழமை வீடியோ காலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி, பேச்சை எழுத்தாகக் காட்டும் கேப்ஷன் தடுமாறி, அவர் என்ன என்று டைப் செய்யும்போது 'நத்திங் இம்பார்ட்டன்ட்' என்று பதில் போனால் அதை மறக்க மாட்டார்.

ஆகவே எச்ஆருக்குப் போகும் மெயிலில் மூன்று வரி போதும்: அவர் 'டெஃப்' என்று ஒரு வரி; எல்லா வீடியோ காலிலும் லைவ் கேப்ஷன் வேண்டும், பெரிய கூட்டங்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வரி, இது அவர் கேட்டிருந்தால்; கூட்டம் முடிந்த அன்றே எழுத்துக் குறிப்பு அனுப்பப்படும் என்று ஒரு வரி. அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.